பின்னால் உட்கார ஓர் ஆள்

கள்ளக்குறிச்சியில் ப்ளக்ஸ் கடையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போனாலும் கடை வாடை அவர்களை விடுவதில்லை. மையின் வாடை அது. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை, பெயிண்ட் வாடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தலைமுடியில் ஏறும், சோற்றுத் தூக்கில் ஏறும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்னதுரையின் கடை ஒரே ஒரு அறை. பிரிண்ட் அடிக்கும் மெஷினுக்கு ஏசி வேண்டும், கம்ப்யூட்டருக்கும் ஏசி வேண்டும், ஏசியோ ஒன்றுதான். ஆகவே மெஷினும் கம்ப்யூட்டரும் அதன் முன்னால் உட்காரும் கலையரசியும் கதவை அடைத்துக்கொண்டு நாள் முழுக்க அதே காற்றில் இருந்தார்கள். "நடுவுல கண்ணாடித் தடுப்பு போட்டுடறேம்மா" என்று சின்னதுரை ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். பொங்கல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

கலையரசிக்கு அது ஐந்தாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. வாடையால்தான் போனது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, வாடையால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இந்த முறை ஆஸ்பத்திரியில் நர்சம்மா, இவள் கிட்டே வந்ததுமே மூக்கைச் சுளித்தாள்.

"எங்கம்மா வேல செய்ற? இந்த வாடையிலியா நாளெல்லாம் குந்திக்கினு இருக்கற? வேற வேல பாத்துக்க. அப்பறம் அழுதுக்கினு வராத."

சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிடுவார்கள். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த ஊரில் வேறு வேலை என்றால் களை, நடவு, மக்காச்சோளம் ஒடிப்பது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நிற்க முடியுமா? புருஷன் செல்லமுத்து கரும்பு வெட்டுகிறவன். ஐப்பசி மழையில் கரும்பு வயலில் நிற்கும், அவன் வாசலில் நிற்பான். ஆலையில் அரவை தொடங்கினால்தான் அவன் கையில் கத்தி ஏறும். மாமியார் பெரியநாயகிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. பாத்ரூம் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஆக, அந்த வீட்டு அடுப்பு எரிந்தது கலையரசி சம்பளத்தில்தான்.

ப்ளக்ஸ் கடை வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே டிசைன் செய்கிறவர் தனியாக உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் கிடையாது. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கும். பேனர் கேட்டு வந்தவர் அதில் உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். "தாய்மாமன இன்னும் கொஞ்சம் பெருசாக்கு." "எம் மச்சான ஓரமா தள்ளு. ரொம்பத் தள்ளாத, கோச்சிக்குவான்." "எந் தலையில கொஞ்சம் முடி வெக்க முடியுமா பாரு." இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே கை போய்க்கொண்டிருக்க வேண்டும். கலையரசி எந்தப் படிப்பும் படித்து இந்த வேலைக்கு வரவில்லை. அந்தக் குரல்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை. பின்னால் ஒரு குரல் இருந்தால்தான் அவள் கை நகரும். அவள் கை நகர்ந்தால் கள்ளக்குறிச்சியில் அவளுக்கு ஈடு கிடையாது என்று நான் சொல்லவில்லை, எதிர்க்கடைக்காரர்களே சொல்வார்கள்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, போனில் அனுப்புகிற அழைப்பிதழ்கள் செய்ய வீட்டிலிருந்தபடியே ஆள் வேண்டும் என்று போட்டிருந்ததை அவள் போனில் பார்த்தாள். தான் செய்த பேனர்களைப் படம் எடுத்து அனுப்பினாள். படங்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு டெஸ்ட் செய்ய வைத்துப் பார்த்துத்தான் எடுப்போம் என்று பதில் வந்தது. அவளுக்கு அது தப்பாகப் படவில்லை. சின்னதுரை கடைக்கே முன்பு ஒருவன், வேறு கடைப் பேனர்களையெல்லாம் போனில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். உட்கார வைத்துப் பார்த்தால் ஒரு ஆளின் தலையைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கத் தெரியவில்லை. அதிலிருந்து சின்னதுரையும் கை பார்த்துத்தான் ஆள் எடுப்பது.

"பாக்கட்டுமே" என்றாள் கலையரசி. "பாத்தா அவங்களுக்குத்தான் தெரியப்போவுது."

டெஸ்ட் நடக்கும்போது லேப்டாப்பில் கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து போகக்கூடாது. வேறு யாருடைய உதவியும் பெறக்கூடாது. இவ்வளவுதான் விதி. டெஸ்ட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே மாமியாரிடம் சொல்லிவைத்தாள்.

"அத்த, நாளிக்கு காலையில எங்கியும் போவாத. எம் பின்னால வந்து குந்து."

பெரியநாயகி மக்காச்சோளக் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தாள். "நான் எதுக்குடி? எனக்கு எழுதப் படிக்கவே வராது."

"வர வேணாம். கஸ்டமர் மாரி குந்து. இன்னா கடைன்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. நீதான் கடைக்காரம்மா. பாத்துக்கினே இருந்து உனக்கு இன்னா தோணுதோ சொல்லு."

"நான் கடைக்காரம்மாவா?" கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தக் கடையில எனக்குக் கடன் தருவான்னு தேடிக்கினு இருக்கறேன், நான் கடைக்காரம்மாவாம்."

செல்லமுத்துவுக்குத்தான் லேசாக இடித்தது. "யாரும் ஒதவி பண்ணக்கூடாதுன்னு போட்டிருக்குதுன்ன?"

"மவுச வேற யாரும் தொடக்கூடாது. அதான் ஒதவி. கஸ்டமர் குந்தறது எப்பிடி ஒதவியாவும்? கஸ்டமர் இல்லாம எவன் டிசைன் பண்ணுவான்?"

அவனுக்கு அது சரியாகத்தான் பட்டது. கள்ளக்குறிச்சியில் எந்த ப்ளக்ஸ் கடையில் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடை அறைக்குள்ளேயே வளர்ந்த புத்தி அது. வேறு மாதிரி அது எப்படி யோசிக்கும்?

மறுநாள் வானம் மூடிக்கிடந்தது. பழைய லேப்டாப்பை அரிசி மூட்டை மேல் வைத்துத் திறந்தாள். புது மிட்டாய்க் கடை திறப்பு விழாவுக்கு அழைப்பு செய்யச் சொல்லி வந்தது. கலையரசி மவுஸைப் பிடித்தாள். பெரியநாயகி பின்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள். செல்லமுத்து வாசலில் நின்று ஆட்டை விரட்டிக்கொண்டும், தெருவில் காயவைத்திருந்த சோளத்தைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டும் காவல் இருந்தான்.

"அது இன்னாடி, லட்டா? எலுமிச்சம்பழம் மாரி கீது."

கலையரசி லட்டின் நிறத்தைக் கூட்டினாள்.

"ஆங், இப்ப சரி. இந்தச் செவப்பு ஜாஸ்தி. கண்ணு கூசுது. எங்க அண்ணன் மவ கல்யாணத்துக்குக் கட்டிக்கினு போனனே, அந்த அரக்குச் செவப்பு போடு."

"இதுவா?"

"அதான். கட பேரு எங்க? எனக்குப் படிக்க வராதுதான். ஆனா தூரத்துல இருந்து பாத்தா இங்க ஒரு கட இருக்குதுன்னு தெரிய வேணாமா? மேல ஏத்து. இன்னும் ஏத்து. ஜிலேபிக்கு இடம் வுடு."

மழை தொடங்கியது. ஓட்டில் விழுந்த சத்தத்தை மீறிக் கிழவி கத்திச் சொன்னாள், கலையரசி குனிந்த தலை நிமிராமல் செய்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால், அவளுக்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. நெரிசல் இல்லாமல், வெள்ளையாக இடம் விட்டு, பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறும்படி வந்திருந்தது. அன்று மாலையே சின்னதுரையிடம் போனில், "அண்ணே, எனக்கு வூட்லருந்தே வேல வருது. வேற ஆள் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். ரிசல்ட் வரட்டுமே என்று செல்லமுத்து சொல்லிப் பார்த்தான். "வராம எங்க போவும்" என்றாள்.

வந்தது. வேறு ஆள் கிடைக்கும்வரை கடைக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு, ஒரு நாள் திரும்புகிற பஸ்ஸில் வந்தது. தேர்வின்போது வேறொருவர் உதவி பெறப்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இரண்டு வரி. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"நான் பார்த்துட்டேங்க. உங்களுக்குப் பின்னால ஒருத்தங்க உட்கார்ந்து கலர் சொல்றாங்க, சைஸ் சொல்றாங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க மாத்தறீங்க. எல்லாம் பதிவுல இருக்கு."

"அது எங்க மாமியாருங்க மேடம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் கஸ்டமர் மாரி குந்தச் சொன்னேங்க."

"கஸ்டமர்னா?"

கலையரசி ஸ்டூலைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே ஏதோ பொய்போலக் கேட்டது.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா நாளைக்கு எங்க வேலைல உங்களுக்குப் பின்னால யாரும் உட்கார மாட்டாங்களே? தனியா செய்ய முடியுமான்னு பார்க்கத்தானே இந்த டெஸ்ட்டே."

"இன்னொரு தடவ வெச்சிப் பாருங்க மேடம். தனியா செய்றேன்."

"ஒரு தடவை நிராகரிச்சா ஆறு மாசத்துக்கு மறுபடி விண்ணப்பம் திறக்காதுங்க. என் கையில இல்ல."

"அந்த டிசைனாவது நல்லா இருந்துச்சுங்களா?"

"அதைப் பார்க்கிற கட்டத்துக்கே வரலைங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூன்று பேரும் கேட்டார்கள். டிசைன் மோசம் என்று சொல்லியிருந்தால்கூடக் கலையரசிக்கு இவ்வளவு வலித்திருக்காது. பார்க்கவே இல்லை என்பதுதான் ஆறவில்லை.

"என் வாயில மண்ணு வுழ" என்றாள் பெரியநாயகி. "ஊமையா குந்தியிருந்தாலும் ஆயிருக்கும். லட்டு எப்பிடி இருந்தா எனக்கு இன்னா."

"உம்மேல தப்பு இல்ல அத்த. நான்தான கூப்ட்டேன்."

"நான் நாளையிலருந்து களைக்குப் போறேன்."

"எப்பிடிப் போவ? தெருக்கோடிக்குப் போய்ட்டு வரதுக்குள்ள மூணு எடத்துல குந்தற."

"குந்திக் குந்தி எடுக்கறேன்."

செல்லமுத்து கதவுநிலையில் சாய்ந்திருந்தான். "சின்னதுரை கிட்ட போயி, அந்த வேல இல்லண்ணே, இங்கயே இருக்கறேன்னு சொல்லிடு."

"அந்த வாடையில மறுபடியும் அவளக் குந்தச் சொல்றியாடா?" என்றாள் கிழவி.

"நான் இன்னாமா பண்ணட்டும்? வேல கேட்டுப் போயி நிக்காத எடம் இல்ல. மழைன்றான், அப்பறம் வான்றான்."

ராத்திரிக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. கலையரசி ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். அலுப்பாக இருந்தது அவளுக்கு. அழுகிற அளவுக்குக்கூடத் தெம்பு இல்லாத அலுப்பு.

மறுநாள் மழையில் பஸ் தாமதம். கடைக்கதவைத் திறந்தால், அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வா கலை, உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் சின்னதுரை. "இது சுபஸ்ரீ. மணலூர்பேட்ட. நீ போறதுக்குள்ள ஆள் புடிக்கணுமே, வரச்சொல்லிட்டேன். கை எப்பிடின்னு நீயே பாரு. எனக்கு இன்னா தெரியும்."

"அண்ணே, அந்த வேல விஷயமா ஒண்ணு..."

"அப்பறம் பேசிக்கலாம். இவரு வெள்ளிமலைக்காரரு, பச்சமுத்துன்னு. பேத்திக்குக் காதுகுத்து. மதியம் பஸ்ஸுக்கு மலையேறணும். இவரு பேனரயே போடச் சொல்லு. தேறிச்சின்னா அந்தப் பொண்ண எடுத்துக்கலாம். ரெண்டு பேருக்கு இந்தக் கட தாங்காது, உனக்குத்தான் தெரியுமே." அதற்குள் அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே குடையை விரித்து வெளியே போய்விட்டார்.

ஸ்டூலில் பச்சமுத்து இருந்தார். கலையரசி சுவரோரம் நின்றாள். தன் வேலையைத் தானே நின்று பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சுபஸ்ரீ துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"இந்த வாடை எப்பவும் இப்பிடித்தான் இருக்குமாக்கா?"

"பழகிடும்."

"எங்க நெலத்துல ரெண்டு போகமும் தண்ணி பூந்துடுச்சிக்கா. இல்லன்னா எங்கப்பா அனுப்பியிருக்க மாட்டாரு." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பச்சமுத்து போனில் இருந்த படங்களைக் கொடுத்தார். "தாய்மாமனுங்க ரெண்டு பேரும்மா. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்த இல்ல. ஒருத்தன் மலையில இருக்கறான், ஒருத்தன் கேரளாவுல காப்பித் தோட்டத்துல இருக்கறான். ஒருத்தன மேல போட்டா ஒருத்தன் வரமாட்டான். மாமன் மடியில வெச்சித்தான காது குத்தணும்?"

இரண்டு படங்களும் சரியில்லை. ஒருவன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். இன்னொருவன் ஏதோ கல்யாணக் கும்பலில் பாதி இருட்டில் நின்றான். இரண்டு பேரும் ஒரே பக்கமாகப் பார்த்தார்கள். அப்படியே போட்டால் ஒருவன் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இந்த இடத்தில்தான் புது ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று கலையரசிக்குத் தெரியும். பேசாமல் பார்த்தாள்.

சுபஸ்ரீ இரண்டு பேரையும் வெட்டி எடுத்தாள். காது மடலையும் முடியையும் அவசரப்படாமல் வெட்டினாள். படத்தின் கட்டத்தை அளக்காமல் முகத்தை அளந்து இரண்டையும் ஒரே அளவாக்கினாள். இருட்டில் நின்றவனை வெளுக்கடிக்காமல் வெயிலில் நின்றவனைக் கொஞ்சம் அடக்கினாள். குழந்தையை நடுவில் வைத்து ஒருவனை இடம் வலமாகத் திருப்பிப்போட்டாள். இப்போது இரண்டு மாமன்களும் குழந்தையைப் பார்த்தார்கள். அதோடு விடவில்லை. படத்தைத் திருப்பியதில் அவன் சட்டைப்பை வலது பக்கம் போயிருந்தது. அதை மட்டும் எடுத்து இடது மார்பில் வைத்து ஒட்டினாள். கலையரசிக்கு அது கைவர எத்தனையோ பேரிடம் திட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்தப் பெண் யாரும் சொல்லாமலே செய்தாள்.

"பாரேன்" என்றார் பச்சமுத்து. "ஒரே தட்டுல சாப்புட்டவனுங்க மாரி நிக்கறானுங்க. நல்ல கையிம்மா உனக்கு. அடிச்சி வையுங்க, நான் போயி புள்ளைக்கு வளையலு, துணி வாங்கிக்கினு வந்துடறேன்."

அவர் போனதும் சின்னதுரை உள்ளே வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டுக் கலையரசியைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"இன்னா சொல்ற? தேறுமா?"

நல்ல கை அண்ணே என்றுதான் சொல்ல வந்தாள். அது சத்தியம். அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கிழவியும், வாசலில் நிற்கிற புருஷனும், வயிற்றில் இருப்பதும் ஒன்றாக முன்னால் வந்து நின்றார்கள்.

"கை பத்தாதுண்ணே" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் எங்கனா இருந்து பழகணும்."

"அப்பிடியா? பாத்தா சூட்டிகையா இருந்துது."

"எனக்குத் தெரியாதாண்ணே?"

"சரி, நீ சொன்னா சரிதான்." ஒரு பேச்சு எதிர்ப்பேச்சு இல்லை. அந்த நம்பிக்கைதான் அவளுக்குத் தாளவில்லை. "அப்ப நீ?"

"அந்த வேல தள்ளிப்போவுதுண்ணே. நான் இங்கயே இருக்கறேன்."

"நல்லதாப் போச்சி போ. கண்ணாடித் தடுப்பு போட்டுடலாம்."

சுபஸ்ரீயிடம் சின்னதுரை சொல்லவில்லை. அந்த மாதிரி வேலைகளை அவர் மற்றவர்களுக்குத்தான் விடுவார். கலையரசி சொன்னாள். அந்தப் பெண் முகம் வாடியது, ஆனால் கோபப்படவில்லை.

"எதுலக்கா தப்பு? சொன்னா திருத்திக்குவேன்."

கலையரசிக்கு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "பேருங்க. எழுத்த சின்னதா போட்டுட்ட. தூரத்துல இருந்து தெரியாது."

"ஆமாக்கா. எனக்கே தோணுச்சி." தோன்றியிருக்காது. பெரியவர்கள் சொன்னால் ஆமாம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண். "கத்துக்கினு தை மாசம் வரட்டாக்கா?"

"வா."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினாள். கலையரசிக்கு அவமானமாக இருந்தது. வேறு பெயர் அதற்கு இல்லை. தன்னைச் சோதித்தவர்கள் விதியைச் சொல்லிக் கழித்தார்கள். இவள் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று கண்ணால் கண்டு, அதற்குப் பிறகு கழித்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பச்சமுத்து வருவதற்குள் அடிக்க வேண்டும். தான் சொன்ன குற்றத்தையாவது திருத்தலாம் என்று பெயர்களைப் பெரிதாக்கினாள். மாமன்களின் நெஞ்சில் எழுத்து ஏறியது. கீழே தள்ளினாள். குழந்தையின் பாவாடை மறைந்தது. நிறத்தை மாற்றிப் பார்த்தாள், பூவைக் கூட்டிப் பார்த்தாள். எதைத் தொட்டாலும் மோசமாகத்தான் ஆனது. கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, அந்தப் பெண் வைத்துவிட்டுப் போன மாதிரியே மெஷினுக்கு அனுப்பினாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். வாடை வழக்கம்போல் அதையும் தாண்டி வந்தது. முதலில் பூ வந்தது, பிறகு குழந்தையைப் பார்த்தபடி இரண்டு மாமன்கள்.

சின்னதுரை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். குனிந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு போட்டத மறுபடியும் போட்டியா? படத்தத் திருப்பிப்போட்டு, சட்டப்பைய வேற மாத்தி வெச்சிருக்கற பாரேன்" என்றார். "இதாம்மா கையி. இதுக்குத்தான் உன்ன வுட மனசு வராதுன்றது."

கலையரசி ஈரம் காயாத பேனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "கயிறு கோக்க வளையம் அடிக்கணும்ணே, கொஞ்சம் புடிங்க" என்றாள்.